திறமூல மென்பொருள் வெளியாகும் நாளில் நடக்கும் இணையவழிக் கொண்டாட்டத்தில் கலந்துகொண்டிருக்கிறீர்களா? நிரல் எழுதத் தெரியாதவருக்கு அங்கே என்ன வேலை?

கலந்துகொண்டிருக்கிறேன், நிரல் எழுதத் தெரியாதவனாகவே. மதுரையில் அச்சகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்துகொடுப்பது என் பிழைப்பு: கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், சிறு பதிப்பாளர்களின் புத்தகங்கள். கணினிகளில் ஓடுவது டெபியன் லினக்ஸ், விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் திறமூல இயங்குதளம். நான் போனது டெபியன் 11 வெளியான நாளில், 2021 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. வழக்கமாக இந்தக் கொண்டாட்டங்களை ஊர் ஊராக அங்கங்கே உள்ள பயனர்கள் உணவகத்திலோ அலுவலகத்திலோ கூடி நடத்துவார்கள். அது பெருந்தொற்றுக் காலம். ஆகவே நான் பார்த்த கூட்டம் முழுக்க இணையத்திலேயே.

கொண்டாட்டம் என்றதும் நம் மனத்தில் வருகிற எதையும் அங்கே எதிர்பார்க்காதீர்கள். சிறப்பு விருந்தினர் இல்லை, பொன்னாடை இல்லை, "ஓரிரு வார்த்தைகள்" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் மைக்கை விடாதவரும் இல்லை. (இந்தக் கடைசிக் காரணத்துக்காகவே ஒருமுறை போய் வரலாம்.) அன்று அங்கே நடப்பது வேலை. வேலை முடிகிற வரை சுற்றி நின்று அரட்டை அடிப்பதும், முடிந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் கைதட்டுவதும்தான் கொண்டாட்டம்.

என் போன்றவனுக்கு அதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ஸ்கிரைபஸ் என்றொரு பக்க வடிவமைப்பு மென்பொருள் உண்டு. அதன் 1.4 வரிசையில் தமிழை ஒழுங்காக அடுக்க முடியாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும். 1.5 வரிசையில் வந்த மாற்றத்துக்குப் பிறகுதான் இந்திய எழுத்துகள் அதில் சரியாகச் சேர்ந்தன. டெபியன் 11 இல் அந்தப் புதிய வரிசை வரும் என்று தெரிந்த நாளிலிருந்து நான் காத்திருந்தேன். வாடிக்கையாளரின் புத்தகம் ஓடுகிற கணினியில் அரைகுறைப் பதிப்பைப் போட்டுப் பார்க்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

டெபியனில் காத்திருப்பது என்பது தனிக் கலை. புதிய பதிப்பை நெருங்கும்போது அவர்கள் ‘உறைவு’ என்று ஒரு கட்டத்துக்குள் போகிறார்கள். 2021 ஜனவரியில் தொடங்கியது அது. முதலில் பெரிய மாற்றங்கள் நிற்கும், பிறகு புதிய பொதிகள், அதாவது மென்பொருள் மூட்டைகள், உள்ளே வருவது நிற்கும், ஜூலை நடுவில் முழு உறைவு. அதன்பின் வெளியீட்டுக் குழு ஒவ்வொன்றாகப் பார்த்து அனுமதித்தால் மட்டுமே எதுவும் நுழையலாம். வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்குத் தீவிரமான பிழைகளின் பட்டியல் எவரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கும். அந்தப் பட்டியல் தேய்வதைப் பார்ப்பதே சிலருக்குப் பொழுதுபோக்கு. ‘தயாரானதும் வெளியிடுவோம்’ என்பதுதான் இவர்களின் பழைய கொள்கை. நாள் குறித்துவிட்டார்கள் என்றால் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்று நடந்ததற்கு வருகிறேன். பொதிகளைச் சேர்த்துவைத்திருக்கும் களஞ்சியத்தைப் பராமரிக்கும் குழு முதலில் இறங்கியது. அதுவரை ‘டெஸ்டிங்’ (சோதனையில் உள்ளது) என்று இருந்த கிளை ‘ஸ்டேபிள்’ (நிலையானது) ஆனது. ஸ்டேபிளாக இருந்த முந்தைய பதிப்பான பஸ்டர் ‘ஓல்ட் ஸ்டேபிள்’ ஆனது. அடுத்த பதிப்புக்காகப் புதிய டெஸ்டிங் பிறந்தது. பெயரை மாற்றுவதுதானே என்று தோன்றும். உலகம் முழுவதும் அந்தக் களஞ்சியத்தை நம்பி ஓடும் வழங்கிகளை (சர்வர்களை) நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் சரிபார்த்து, மின்கையொப்பமிட்டு, மெதுவாகத்தான் நகர்ந்தார்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் டெபியனின் விளம்பரக் குழு ஒரு வரிச் செய்தி போட்டுக்கொண்டே இருந்தது. தேர்தல் முடிவு நாளில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து சுற்று சுற்றாக எண்ணிக்கையைப் பார்ப்போமே, அப்படி உட்கார்ந்திருந்தோம்.

அதற்கடுத்த கட்டம்தான் எனக்குப் பிடித்தது. நிறுவல் படிமங்கள், அதாவது நாம் பதிவிறக்கிப் பென்டிரைவில் ஏற்றும் ஐஎஸ்ஓ கோப்புகள், உருவாகத் தொடங்கின. ஒன்றிரண்டு இல்லை. ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனி, சிறியது பெரியது தனி, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் லைவ் வகைகள் தனி. ஒவ்வொன்றையும் யாராவது உண்மையான கணினியிலோ, கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர்க் கணினியிலோ நிறுவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். யார் எதை எடுத்துக்கொண்டார்கள், என்ன ஆயிற்று என்று ஒரு விக்கிப் பக்கத்தில் பதிவாகிக்கொண்டே வந்தது. இதற்கு நிரல் தெரிய வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு கணினியும் போதும்.

ஐஆர்சி என்ற எழுத்து அரட்டையில், என்னிடம் பழைய 32 பிட் கணினி ஒன்று இருக்கிறது, தமிழில் நிறுவிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அறிமுகம் கேட்கவில்லை, தகுதி கேட்கவில்லை. எந்தக் கோப்பு, எங்கே பதிய வேண்டும் என்று உடனே பதில் வந்தது. டெபியன் நிறுவியில், அதாவது அதைக் கணினியில் ஏற்றும் மென்பொருளில், தமிழ் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் வரைகலை முறையில் நுழைந்தால்தான் மொழிப் பட்டியலில் தென்படும். எழுத்து முறைத் திரையால் நம் எழுத்துகளைச் சேர்த்துக் காட்ட இயலாது. அச்சுத் தொழிலில் இருப்பவனுக்கு வேறென்ன தெரியும்? வட்டைப் பிரிக்கிற திரை வரைக்கும் ஒவ்வொரு கொம்பையும் காலையும் பிழை திருத்துகிற கண்ணோடு பார்த்தேன். எதுவும் உடையவில்லை. நிறுவி, மறுபடி தொடங்கி, உள்ளே நுழைந்து, ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதினேன். நன்றி என்று ஒரு சொல் வந்தது. அடுத்த ஆள் அடுத்த படிமத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இணையாக ஜிட்சியில் ஒரு காணொளி அறையும் திறந்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால், மொத்த நாளில் சப்பென்று இருந்தது அதுதான். யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் பலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் டெபியனின் சிவப்புச் சுழியைப் போட்ட கேக்கைக் கேமரா முன் நீட்டினார். பார்க்க மட்டும்தானே முடியும். ஒருவருக்குக் காலை, ஒருவருக்கு மாலை, எனக்குத் தூக்கம் வருகிற நேரம். பெயரைப் பற்றிக் கொஞ்சம் கலகலப்பு இருந்தது: டெபியன் பதிப்புகளுக்கு டாய் ஸ்டோரி படத்துக் கதாபாத்திரங்களின் பெயரைத்தான் வைப்பார்கள், 11 ஆம் பதிப்பின் பெயரான புல்ஸ்ஐ அதில் வரும் குதிரை. அதனால் திரையெங்கும் குதிரைப் படங்கள். எனக்கு அரட்டைப் பெட்டியே போதும் என்று அங்கே திரும்பிவிட்டேன். எழுத்தில் வேடிக்கையும் அதிகம், வேலையும் தெரிந்தது.

அறிவிப்பு வருவதற்குள் நம்மூரில் நள்ளிரவு கடந்து சுதந்திர தினமே பிறந்துவிட்டது. அறிவிப்பில் போட்டிருந்த தேதி என்னவோ 14 தான். 11,294 புதிய பொதிகள், மொத்தம் 59,551. முந்தைய பதிப்பிலிருந்து 2 ஆண்டு, 1 மாதம், 9 நாள் உழைப்பு. எண்கள் கிடக்கட்டும். அதே அறிவிப்பில், டெபியனின் மருத்துவ மென்பொருள் குழுவான டெபியன் மெட் குழுவினர் கொரோனா ஆய்வுக்குப் பயன்படும் மென்பொருள்களைச் சேர்த்ததையும் சொல்லியிருந்தார்கள். அந்த ஆண்டு அது வெறும் வரியாகப் படவில்லை. அரட்டையில் வாழ்த்துகள் ஒரு பக்கத்துக்கு ஓடின. சற்று நேரத்திலேயே அடுத்த பதிப்பைப் பற்றிக் கேள்வி வந்துவிட்டது. மனிதர்கள் எங்கும் ஒன்றுதான்.

எல்லாத் திட்டங்களும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். அதே காலத்தில் இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோராக்காரர்கள் ஹாப்பின் என்ற இணைய நிகழ்ச்சித் தளத்தில் இரண்டு நாள் நிகழ்ச்சியாகவே நடத்தினார்கள்: நிகழ்ச்சி நிரல், புதிய வசதிகளைச் செய்தவர்களே விளக்கும் உரைகள், நடுவில் பழகிக்கொள்ள நேரம். ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வர விரும்புகிறவருக்கு அதுவே வசதி. என்னைக் கேட்டால் டெபியன் முறைக்குத்தான் ஓட்டு. உரையைப் பிறகு பதிவாகவும் பார்த்துக்கொள்ளலாம். வெளியீட்டு இரவு மறுபடி வராது.

உங்கள் கேள்வியில் ஆங்கிலத் தயக்கமும் ஒளிந்திருக்கிறது என்று தோன்றுகிறது. அங்கே புழங்கும் ஆங்கிலம் பெரும்பாலும் உடைந்த ஆங்கிலம்தான், பாதிப் பேருக்கு அது தாய்மொழி இல்லை. அதுவும் கூச்சமாக இருந்தால், காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்றவை இணையத்தில் தமிழிலேயே கூடிப் பேசுகின்றன. முதலில் அங்கே பழகிவிட்டு இங்கே வரலாம்.

போவதென்றால் சில விஷயங்கள். வெளியீடு நடக்கிற நாளிலேயே போங்கள். மறுவாரம் நடக்கும் விருந்தில் பழைய கதைதான் கிடைக்கும். டெபியன் 11, 12, 13 மூன்றும் சனிக்கிழமைகளில்தான் வெளியாயின, எனவே விடுப்புக் கேட்டு நிற்க வேண்டியிருக்காது. காலியான பென்டிரைவ் ஒன்றும், அழிந்தாலும் பரவாயில்லை என்கிற கணினி ஒன்றும் கையில் இருக்கட்டும். ஆனால் என்னுடையதைப் போல 32 பிட் பழசாக வேண்டாம்: 2025 ஆகஸ்ட் 9 இல் வந்த டெபியன் 13 இல் 32 பிட் பிசிகளுக்கான நிறுவியை நிறுத்திவிட்டார்கள். என் கணினியில் இப்போதும் புல்ஸ்ஐதான் இருக்கிறது. இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பழைய ஸ்கேனருக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.