ஹார்ட்விக் ஹால்: கல்லா, கண்ணாடியா?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் பழைய கல் வீடுகளைப் பற்றிய கட்டுரையில் ஹார்ட்விக் ஹாலை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். படம் தேடிப் பார்த்தேன். கல் வீடு என்கிறீர்கள், எனக்குத் தெரிவதெல்லாம் கண்ணாடிதான். அந்தக் குளிர் நாட்டில் இப்படிக் கட்டியது பணத் திமிரா? சுவரெல்லாம் ஜன்னலாகிவிட்டால் வீடு எதன்மேல் நிற்கிறது?

க., கோவை

அன்புள்ள க.,

திமிர்தான், சந்தேகம் வேண்டாம். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் இ.எஸ். என்று தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் செதுக்கி, அவற்றுக்கு மேல் கிரீடமும் சூட்டிக்கொண்டவர் எலிசபெத், ஷ்ரூஸ்பரி சீமாட்டி. ஊருக்கு அவர் பெஸ். நான்கு கணவர்களையும் புதைத்தவர். டெர்பிஷயர் குன்றின்மேல் 1590இல் தொடங்கிய வீட்டுக்கு 1597இல் குடிவந்தபோது அவருக்கு எழுபது வயது இருக்கும். கண்ணாடி அன்று கொள்ளை விலை. ஆனால் பெஸ்ஸுக்குச் சொந்தமாகக் கண்ணாடி உலையே இருந்தது, மணற்கல்லும் சொந்த நிலத்தில் வெட்டியதே.

வீடு எதன்மேல் நிற்கிறது என்பது நல்ல கேள்வி. கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சன் வரைந்ததாகக் கருதப்படும் திட்டத்தில், வீட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு தடித்த சுவர் ஓடுகிறது. முதுகெலும்பு அதுதான். கணப்படுப்புகளும் புகைபோக்கிகளும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிட்டன. வெளிச்சுவருக்கு அந்த வேலை இல்லாததால் அதைத் தாராளமாகத் திறக்க முடிந்தது. துருத்தி நிற்கும் கோபுரங்கள் அதற்கு முட்டுக் கொடுக்கின்றன. கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு ஜன்னலும் கல் சட்டங்களால் கட்டம் கட்டமாகப் பிரிந்து, கட்டத்துக்குள் ஈயப் பட்டையில் கோத்த சின்னஞ்சிறு கண்ணாடித் துண்டுகளாக இருக்கும். அவ்வளவு பெரிய கண்ணாடிப் பலகை அன்று கிடையாது. சில ஜன்னல்கள் பொய் என்பதையும் சொல்ல வேண்டும். வெளியே கண்ணாடி, உள்ளே புகைபோக்கி. முகப்பின் ஒழுங்குக்காகச் செய்த இந்தத் தில்லுமுல்லு எனக்குப் பிடித்தே இருக்கிறது.

படத்தை மறுபடி பாருங்கள். மேலே போகப் போக ஜன்னல் உயர்கிறது. கீழே சமையலறையும் பணியாட்களும், நடுவில் பெஸ்ஸின் சொந்த அறைகள், உச்சியில் விருந்தினரை வரவேற்கும் மாபெரும் கூடமும் சுமார் 50 மீட்டர் நீண்ட காட்சிக்கூடமும். யார் எங்கே என்பதை வெளியில் நின்றே படித்துவிடலாம். உள்ளே ஏறும் கல் படிக்கட்டு நேராகப் போகாது. வளைந்து வளைந்து, வந்தவரை நன்றாகக் காக்கவைத்துத்தான் உச்சியில் விடும்.

குளிரா? இருந்தது. சுவரை மறைக்கும் சித்திரத் திரைகள் அழகுக்காக மட்டும் தொங்கவில்லை. காட்சிக்கூடத்துக்கென 1592இல் பெஸ், பைபிளில் வரும் வீரன் கிடியோனின் கதை நெய்த 13 பெரிய திரைகளை இன்னொரு பிரபு குடும்பத்திடம் வாங்கினார். அவற்றில் பழைய உரிமையாளரின் குலச்சின்னம் இருந்தது. அதன்மேல் தன் சின்னத்தை ஒட்ட ஆகும் செலவு என்று சொல்லி விலையில் 5 பவுண்டு குறைத்துக்கொண்டார்.