கத்தி வெட்டினால் போதாதா?

கேள்வி: ஆசைப்பட்டு ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். அலகில் பாதிக்கு ரம்பப் பல், பிடியின் அடியில் கண்ணாடி உடைக்கும் கூர்முனை, நல்ல கனமான தகடு, கறுப்புப் பூச்சு என்று எல்லாம் இருக்கிறது. கத்தி சேகரிக்கும் நண்பர் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் வேண்டாததுதான் அதிகம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கத்தி என்றால் வெட்டினால் போதாதா? இது வசதி படைத்தவர்களின் திமிர்தானே?
– ஒரு வாசகர், தேனி

பதில்: வெட்டினால் போதும். உங்கள் நண்பரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். கத்தியில் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து ஒரு கொய்யாவை நறுக்கினேன், ஒரு சணல் கயிற்றை அறுத்தேன் என்று ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை.

முதலில் அந்தப் பாதி ரம்பம். முழு அலகும் ரம்பமாக இருந்தால் அது கயிறு அறுப்பவருக்கு நல்ல கருவி. மீனவர்களும் படகோட்டிகளும் விரும்பி வைத்துக்கொள்வார்கள். மூன்று அங்குல அலகை இரண்டாகப் பங்கு போட்டால், கயிற்றுக்கும் ஒன்றரை அங்குலம், காய்க்கும் ஒன்றரை அங்குலம், இரண்டுக்குமே போதாது. அதைவிட மோசம், அந்தப் பற்களைப் பிடிக்கு ஒட்டிய இடத்தில் வைப்பது. பென்சில் சீவ, குச்சியைச் செதுக்க, கட்டைவிரலை அலகின் முதுகில் கொடுத்து அழுத்தி வெட்ட நமக்கு வேண்டியது அந்த இடம்தான். கையின் பலம் முழுதும் இறங்கும் இடத்தில் வழவழப்பான கூர் இல்லாமல் போகிறது. மழுங்கினாலும் தொல்லை: தட்டையான சாணைக்கல் பற்களின் குழிக்குள் போகாது. ஒவ்வொரு குழியாக உருண்டைக் கம்பியால் தீட்ட வேண்டும். எத்தனை பேர் செய்வார்கள்?

அடுத்தது நீங்கள் பெருமையாகச் சொல்லும் கனமான தகடு, அதாவது அலகின் தடிமன். என்னைக் கேட்டால், மற்ற எல்லாக் குறைகளையும் மன்னிக்கலாம், இதை மன்னிக்க முடியாது. கூர் என்பது வேறு, வெட்டு என்பது வேறு. தாளைச் சரசரவென்று கிழிக்கும் அளவுக்குக் கூரான கத்தியும், வெட்டும் வாய்க்கு மேலே உடனே பருத்துவிட்டால், ஆப்பிளுக்குள் நுழைந்ததும் ஆப்பாக மாறிவிடுகிறது. பழம் வெட்டுப்படாமல் பிளக்கிறது. கேரட்டில் செய்து பாருங்கள். கத்தி அடிவரை இறங்குவதற்கு முன்பே 'டக்'கென்று விண்டுபோகும். நான்கு மில்லிமீட்டர் முதுகு உள்ள தகட்டை, நெம்புவதற்கும் குத்துவதற்கும் என்று செய்கிறார்கள். அன்றாடம் சட்டைப்பையில் கத்தி வைத்திருப்பவர் எதை நெம்பப் போகிறார்?

பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி இன்றும் விற்கிறது. விவசாயக் கருவிகள் அடிக்கும் பட்டறைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஒரு மரப்பிடி, ஒரு மெல்லிய அலகு. அளவுக்கு ஒரு எண் உண்டு; எட்டாம் எண் கத்தியின் அலகு நீளம் எட்டரை சென்டிமீட்டர்; முதுகின் தடிமன் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. அலகு தானாக மடங்கி விரலை வெட்டாதிருக்கச் சுழலும் வளையப் பூட்டு ஒன்றை 1955இல் சேர்த்தார்கள். உழவரும் ஆடு மேய்ப்பவரும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நறுக்கிய கத்தி அது. வசதி படைத்தவர்களின் திமிர் என்று நீங்கள் சொல்லும் ரசனை உண்மையில் அந்த மலைக்காரர்களின் சிக்கனத்திலிருந்து வந்தது.

பிடிக்கு வருவோம். கண்ணாடி உடைக்கும் முனை, பிடியின் அடியை உள்ளங்கையில் வைத்து அழுத்தும்போது குத்துகிறது, பையைக் கிழிக்கிறது. விரல்களுக்கென்று பள்ளம் வெட்டிய பிடி, செய்தவரின் கை அளவுக்கு மட்டுமே பொருந்தும். ஸ்பைடர்கோ நிறுவனம் 1981இல் கொண்டுவந்த மடக்குக் கத்தியில் பையில் மாட்டும் கிளிப் இருந்தது. அருமையான யோசனை, இன்று எல்லோரும் வைக்கிறார்கள். ஆனால் அதை ஒரே பக்கம் மட்டும் திருகி, மாற்றவே முடியாதபடி விற்பவர்கள் இடது கைக்காரர்களை நினைத்தே பார்க்கவில்லை. கிளிப்பின் நுனி உள்ளங்கையை உறுத்துகிறதா என்பது கடையில் தெரியாது. ஒரு அட்டைப்பெட்டியை முழுதாக அறுத்து முடித்தால் தெரியும்.

அலகில் எஃகின் வகையாக '440' என்று மட்டும் பொறித்திருக்கிறதா பாருங்கள். 440இல் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. ஏ வகையில் கரி (கார்பன்) 0.75 சதவீதத்தைத் தாண்டாது. சி வகையில் 1.2 வரை போகும். கூர் எவ்வளவு நாள் நிற்கும் என்பது இதைப் பொறுத்தும், பதம் ஏற்றியதை, அதாவது எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கியதைப் பொறுத்தும் மாறும். எழுத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மடக்கிய அலகு பிடியின் இரு பக்கத் தகடுகளுக்கும் சரிநடுவில் நிற்கவில்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். உரசாதவரை அதனால் வெட்டு குறைவதில்லை. கறுப்புப் பூச்சும் அப்படித்தான். கீறல் விழும், அவ்வளவே. பூட்டு இல்லாத கத்தி என்றாலே மட்டம் என்பவர்களும் உண்டு. பிரிட்டனில் மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். அதனால் பூட்டில்லாமலே நல்ல கத்தி செய்கிறார்கள்.

வாங்கிய கத்தியைத் தூக்கிப் போட வேண்டாம். அந்தக் கூர்முனை திருகாணி என்றால் கழற்றிவிடுங்கள். நல்ல சாணைக்காரரிடம் கொடுத்து, வாயை மட்டும் தீட்டாமல், வாய்க்கு மேலே பருத்திருக்கும் இடத்தை இரு பக்கமும் இழைத்து மெலிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டு, நிதானமாகச் செய்யச் சொல்லுங்கள். சூடேறி அலகு நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். வாங்கி வந்ததும் அதே கேரட்டை இன்னொரு முறை நறுக்கிப் பாருங்கள்.