லோடு இல்லாத டிரான்ஸ்பார்மரை ஐசோலேட்டரால் பிரிக்கலாமா?

கேள்வி: எங்கள் 110/11 கிலோவோல்ட் துணை மின்நிலையத்தில் 16 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் எச்.வி. (110 கிலோவோல்ட் பக்க) பிரேக்கர், ஆர்க்கை (மின்பொறியை) அணைக்கும் எஸ்.எஃப்.6 கேஸ் குறைந்து லாக்-அவுட் ஆகி (இயங்காதபடி பூட்டிக்கொண்டு), மூடிய நிலையிலேயே நிற்கிறது. எல்.வி. (11 கிலோவோல்ட் பக்க) பிரேக்கரைத் திறந்து லோடை எடுத்துவிட்டு, எச்.வி. ஐசோலேட்டரை (ஆர்க்கை அணைக்கும் வசதி இல்லாத பிரிப்பு ஸ்விட்சை) திறக்கலாமா? "அம்மீட்டரில் பூஜ்யம்தானே, தைரியமாகத் திற" என்கிறார் சீனியர் ஒருவர்.

பதில்: திறக்காதீர்கள். அந்தப் பூஜ்யத்தை முதலில் பார்ப்போம். 16 எம்.வி.ஏ.வுக்கு 110 கிலோவோல்ட் பக்கம் முழு லோடு கரண்ட் சுமார் 84 ஆம்பியர். லோடு இல்லாதபோதும் காந்தப்புலத்துக்கென்று அரை சதவீதம், அதாவது 0.4 ஆம்பியர் அளவில் ஓடும்; பழைய கோர் என்றால் ஒரு ஆம்பியரைத் தாண்டலாம். அம்மீட்டருக்காகக் கரண்டைக் குறைத்துத் தரும் 100/1 சி.டி.யின் (கரண்ட் டிரான்ஸ்பார்மரின்) செகண்டரியில் 0.4 ஆம்பியர் என்பது வெறும் 4 மில்லி ஆம்பியர். ஊசி எப்படி அசையும்? பிரேக்கரின் ஒரு போல் (ஒரு ஃபேஸுக்கான பகுதி) மட்டும் சரியாகத் திறக்காமல் நின்றாலும் சிறு கரண்ட் இதே பூஜ்யத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

0.5 ஆம்பியர் வரை ஐசோலேட்டர் தாங்கும் என்று யாராவது சொல்லக்கூடும். ஐ.இ.சி. 62271-102 தரத்தில் அந்த எண் இருப்பது உண்மைதான். ஆனால் அது பஸ்பார் (நிலையத்தின் பொதுக் கடத்தி, சுருக்கமாக பஸ்), புஷ்ஷிங், பி.டி. (வோல்டேஜ் அளக்கும் டிரான்ஸ்பார்மர்) போன்றவற்றின் அற்பக் கரண்டுக்குச் சொன்னது. பவர் டிரான்ஸ்பார்மரின் கரண்ட் இண்டக்டிவ். ஆர்க் அணைவதும் பற்றுவதுமாக இருக்கும், ஒவ்வொரு தடவையும் வைண்டிங் அடி வாங்கும். பிரேக்கர் சில சைக்கிள்களில் ஆர்க்கை ஊதி அணைத்துவிடும். ஐசோலேட்டருக்கு இருப்பது வெறும் காற்றும், நீங்கள் சுற்றும் கைப்பிடியின் வேகமும்தான்.

அப்புறம், ஆம்பியரை மட்டும் பார்ப்பதே பாதிக் கணக்கு. பிளேடு பிரிந்த பிறகு இடைவெளியின் இரு பக்கமும் எவ்வளவு வோல்டேஜ் நிற்கும் என்று கேளுங்கள். பஸ் கப்ளர் (இரண்டு பஸ்ஸை இணைக்கும் பிரேக்கர்) மூடியிருக்கும்போது ஒரு ஃபீடரை ஒரு பஸ்ஸிலிருந்து மற்றதுக்கு மாற்றுகிறீர்களே, அங்கே ஐசோலேட்டர் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் துண்டிக்கிறது. அதற்கென்று சோதித்த ஐசோலேட்டருக்கு அதே தரம் ரேட்டிங்கில் 80 சதவீதம், அதிகபட்சம் 1600 ஆம்பியர் வரை அனுமதிக்கிறது. கரண்டுக்கு மாற்று வழி இருப்பதால் இடைவெளியில் சொற்ப வோல்டேஜ்தான் வரும். உங்களுக்கோ மாற்று வழி இல்லை. அமெரிக்காவில் நெவாடாவின் 500 கிலோவோல்ட் நிலையம் ஒன்றில், ரியாக்டரை (பெரிய காயில் போன்ற கருவியை) பிரிக்கும்போது ஒரு ஃபேஸ் மட்டும் துண்டிக்காமல் நிற்க, ஐசோலேட்டர் திறந்தது. சுமார் 100 ஆம்பியர்தான்; ஆர்க் பல மீட்டர் உயரத்துக்கு எழும்பியது.

சரி, என்ன செய்வது? லோடு டெஸ்பேட்ச் சென்டருக்குச் சொல்லுங்கள். லாக்-அவுட் ஆன பிரேக்கர் ஃபால்ட் வந்தாலும் டிரிப் ஆகாது என்பதால் இது அவசரம். சிறு கசிவென்றால், தயாரிப்பாளர் அனுமதிக்கும் முறையில் பராமரிப்புப் பிரிவு கேஸ் நிரப்பி லாக்-அவுட்டை நீக்கிவிடலாம். முடியாவிட்டால் லோடை இன்னொரு டிரான்ஸ்பார்மருக்கு மாற்றி எல்.வி. பிரேக்கரைத் திறங்கள். இரட்டை பஸ் என்றால், மற்ற ஃபீடர்களையெல்லாம் ஒரு பஸ்ஸுக்கு நகர்த்தி, இந்த டிரான்ஸ்பார்மரை மட்டும் மற்றதில் விட்டு, கப்ளரை டிரிப் செய்யுங்கள். ஒற்றை பஸ் என்றால் வரும் லைனின் பிரேக்கரைத்தான் திறக்க வேண்டும். ஊருக்குக் கொஞ்ச நேரம் கரண்ட் போகும், போகட்டும். டெட் ஆகிவிட்டதைச் சோதித்து உறுதிசெய்த பிறகு ஐசோலேட்டரைத் திறந்து, டிரான்ஸ்பார்மர் பக்கத்தை எர்த் செய்துவிட்டு, லைனை மறுபடி சார்ஜ் செய்யலாம். இன்டர்லாக் (தவறாகத் திறக்க விடாத பூட்டு) விடவில்லை என்று அதன் பிளஞ்சரைக் கையால் அமுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த இன்டர்லாக் "பிரேக்கர் மூடியிருக்கிறது" என்று கத்துகிறது, கேளுங்கள்.

எப்போதாவது தவறிப்போய் லோடில் திறந்துவிட்டால்: பிளேடு பிரியத் தொடங்கியதுமே ஆர்க் தெரிந்தால் உடனே திரும்ப மூடுங்கள். முழுக்கத் திறந்துவிட்டிருந்தால் மூடப் போகாதீர்கள். விலகி நின்று அப்ஸ்ட்ரீம் பிரேக்கரைத் திறக்கச் சொல்லுங்கள்.