பவளத்துக்கும் பசிக்கும்

கேள்வி: சிங்கப்பூர் பொங்கோலில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. 200 லிட்டர் பவளத் தொட்டி வைத்து எட்டு மாதமாகிறது. பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகள் போட்டு, ஸ்கிம்மரையும் (நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி) நாள் முழுக்க ஓடவிட்டதில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். ஆனாலும் பவளங்கள் வெளிறுகின்றன. மணலில் குமிழி குமிழியாகப் பழுப்புச் சளி. இன்னும் எதைச் சுத்தம் செய்வது?

பதில்: எதையும் செய்யாதீர்கள். சுத்தம் கூடிப்போனதுதான் சிக்கலே.

பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அது சமைத்துப் போடுவதுதான் பவளத்துக்குப் பெரும்பங்குச் சாப்பாடு. அந்தப் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும்; நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தருவது அவற்றைத்தான். கடல்நீரிலும் இவை சொற்பம்தானே என்பீர்கள். சரி, ஆனால் கடலில் மிதவையுயிரிகள் இரையாக ஓயாமல் வந்துகொண்டிருக்கும். உங்கள் தொட்டியில் ஸ்கிம்மர் எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடுகிறது.

அந்தச் சளி டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச்செல் நுண்ணுயிராக இருக்கலாம். போட்டிக்கு வேறு பாசி இல்லாத தொட்டியில் அதற்குக் கொண்டாட்டம். சோதிப்பது எளிது: கொஞ்சம் சளியைத் தொட்டித் தண்ணீரோடு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்கி, கோப்பி வடிகட்டும் தாளில் வடியுங்கள். வடிந்த நீரை விளக்கடியில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் மறுபடி இழை இழையாகத் திரண்டால் பெரும்பாலும் அதேதான். அதில் சில வகைகள் நத்தைகளையே கொல்லும், கவனம்.

முதலில் இரும்புத் துகளை வெளியே எடுங்கள். ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டுங்கள். மீனுக்குத் தீனியைக் கூட்டுங்கள். இரண்டு வாரத்திலும் நைட்ரேட் ஏறாவிட்டால் சோடியம் நைட்ரேட் கரைசல் சேர்க்கலாம்: 200 லிட்டரில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கூட்ட ஏறத்தாழ 0.27 கிராம் போதும். அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்பது என் கணக்கு. காரத்தன்மையை 8 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) பக்கத்தில் அசையாமல் வையுங்கள். சத்து குறைந்த தொட்டியில் அது எகிறினால் பவள நுனி கருகும்.

சத்து ஏறட்டும் என்று குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். நம் ஊர்க் குழாய்நீரில் குளோரமின் இருக்கிறது. ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்.ஓ. டி.ஐ. நீரையே (சவ்வாலும் பிசினாலும் உப்புகள் நீக்கிய நீர்) ஊற்றுங்கள், அதுவும் குளோரமினை நீக்கும் கரித்துண்டு வடிகட்டியைக் காலத்தோடு மாற்றி.

அப்புறம் ஒன்று: தொட்டியில் பச்சைப் பாசி மண்டியிருந்து பூஜ்யம் காட்டினால் கதையே வேறு. அங்கே பாசி தின்றுவிடுவதால்தான் சோதனைக் கருவிக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.