வழக்கு நினைவுப் பொருள்கள்: சேகரிப்பாளர் கேள்விகளுக்குப் பதில்

காதலியை ரெட் பார்ன் என்ற களஞ்சியத்தில் கொன்றதற்காக 1828இல் இங்கிலாந்தில் தூக்கிலிடப்பட்ட வில்லியம் கார்டரின் வழக்கைப் பற்றிய துண்டுப்பிரசுரம் விலைக்கு வந்துள்ளது. அசலா என்று எப்படிப் பார்ப்பது?

அந்த ஒற்றைத்தாள்கள் ஏராளமாக அச்சிடப்பட்டவை என்பதால் அசல் கிடைப்பதில் வியப்பில்லை. தாளைத் திருப்பி, விளக்கொளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் எழுத்து அழுந்திய தடம் மெல்லிய மேடாகத் தெரிய வேண்டும். உருப்பெருக்கியில் எழுத்தின் விளிம்பு புள்ளிபுள்ளியாகச் சிதறினால் அது புகைப்பட நகல். புற ஊதா விளக்கின் கீழ் தாள் நீலமாகப் பளிச்சிட்டால் பேரமே பேச வேண்டாம்; அப்படிப் பளிச்சிட வைக்கும் வெண்மையூட்டி வேதிப்பொருள்கள் 1950ஐ ஒட்டித்தான் தாள் தயாரிப்பில் புழக்கத்துக்கு வந்தன. அழுத்தத் தடத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் மறுபதிப்புகளிலும் அது உண்டு.

அமெரிக்க விமானி லிண்ட்பர்க்கின் குழந்தையைக் கடத்தப் பயன்பட்ட ஏணியின் துண்டு வாங்கலாமா?

வேண்டாம். அந்த ஏணி நியூ ஜெர்சி மாநிலக் காவல்துறையின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சான்றுப்பொருள் எதுவானாலும், முறைப்படி விடுவிக்கப்பட்டதற்கான எழுத்து ஆதாரம் இல்லாமல் தொடாதீர்கள். 1935இல் அந்த வழக்கு நடந்த பிளெமிங்டன் நீதிமன்றத்துக்கு வெளியே, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு விற்ற பொம்மை ஏணிகளைத் தேடுங்கள்; அவையும் அக்காலக் கடிதமோ படமோ உடன் இருந்தால் மட்டுமே.

தூக்குக்கயிற்றுத் துண்டு அசலா என்று…

கயிறு பற்றி முன்பே இருவர் கேட்டுவிட்டார்கள். கயிற்றுக்கு முகவரி கிடையாது. வாங்காதீர்கள்.

கயிற்றைப் பழிக்கும் நீங்கள், அதே மரணத்தைக் காசாக்கிய துண்டுப்பிரசுரத்தைப் போற்றுவது முரணல்லவா?

நியாயமான ஆட்சேபம். இரண்டிலும் வியாபாரம் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தேசத்துரோகி என்று பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட பிரெஞ்சு ராணுவ அதிகாரி டிரைஃபஸின் வழக்கை ஒட்டிய அஞ்சலட்டைகளைப் பாருங்கள்: 1899இல் ரென் நகரில் மறுவிசாரணை நடந்த காலத்தில் அவருக்கு ஆதரவாகவும் எதிராகவும் அட்டைகள் விற்பனையாயின, 1906இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்ட ஒருவரை, அதற்கு முன் ஊரார் எப்படியெல்லாம் ஏசினார்கள் என்பதற்கு அவை சாட்சி. கயிறு எதைச் சொல்கிறது?

அப்படியானால் கார்டரின் தோலால் கட்டிய புத்தகத்தை பரி செயின்ட் எட்மண்ட்ஸ் அருங்காட்சியகம் வைத்திருக்கலாமா?

அது பொதுவெளியில், கேள்வி கேட்கப்படும் இடத்தில் இருக்கிறது. அடுத்த ஏலத்தில் லாபத்துக்குக் கைமாறக் காத்திருக்கவில்லை. அப்படியிருந்தும் அதைக் காட்சிக்கு வைப்பதை நான் விரும்பவில்லை. மனித உடல் நினைவுப் பொருளாகாது என்பதே என் நிலைப்பாடு.

பொருளிலுள்ள கார்பனை அளந்து வயதைக் கணிக்கும் கரிமக் காலக்கணிப்பு கயிற்றின் வயதைச் சொல்லாதா?

மீண்டும் கயிறு! கடந்த முந்நூறு ஆண்டுப் பொருள்களுக்கு அம்முறை துல்லியமான ஆண்டைத் தராது. தந்தாலும் யார் கழுத்தில் கிடந்தது என்று சொல்லாது.

நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பெர்க் விசாரணையின் நுழைவு அனுமதிச் சீட்டை எதில் வைப்பது?

பாலியெஸ்டர் உறையில். பிவிசி உறை வேண்டாம்.