மருந்தோடு மருந்து சேரும்போது: செவிலியர் கேள்வி பதில்

கேள்வி: இதயச் செயலிழப்பு நோயாளிக்கு, இதயத் துடிப்பை வலுவாக்கும் டிகாக்சினும் சிறுநீரைப் பெருக்கும் ஃபியூரோசிமைடும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் பொட்டாசியத்தை. ஃபியூரோசிமைட் அதைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். இதயத் தசையில் டிகாக்சின் பற்றும் இடத்துக்குப் பொட்டாசியமும் போட்டியிடுவதால், அது குறைந்த உடலில் வழக்கமான அளவு மாத்திரையே நஞ்சாகிவிடும். குமட்டுகிறது என்றோ, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றோ நோயாளி சொன்னால், வயதின் மேல் பழிபோட்டுவிட்டு நகராதீர்கள். டிகாக்சின் மாத்திரைக்கு முன் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத் துடிப்பை 1 நிமிடம் முழுதாக எண்ணுங்கள். பெரியவருக்கு 60-க்குக் கீழ் இருந்தால் கொடுக்காமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். குறைந்த பொட்டாசியத்தை ஈடுகட்டச் சொன்னால், பொட்டாசியம் குளோரைடை நேரடியாக ஊசியில் ஏற்றவே கூடாது. கலந்து மெதுவாகத்தான் செலுத்த வேண்டும்.

கேள்வி: மானிட்டரே எண் காட்டும்போது ஸ்டெதஸ்கோப் எதற்கு?

பதில்: மானிட்டரின் விரல் கிளிப், விரலை எட்டிய துடிப்பை மட்டுமே எண்ணும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கற்றுத் துடிக்கும் நிலையில்) வலுவற்ற துடிப்புகள் அங்கு வந்து சேர்வதில்லை. மார்பில் 84 கேட்கும் நோயாளிக்குக் கிளிப் 58 என்று காட்டலாம், நீங்கள் தேவையான மருந்தை நிறுத்திவிடுவீர்கள். ஈசிஜி லைனோ, ஒவ்வொரு துடிப்பின் கோட்டிலும் பின்னால் வரும் டி அலை உயரமாக இருந்தால் அதையும் ஒரு துடிப்பாகச் சேர்த்து எண்ணி 50-ஐ 100 ஆக்கிவிடக்கூடும். அப்போது நிறுத்த வேண்டிய மருந்தைக் கொடுத்துவிடுவீர்கள்.

கேள்வி: இரவு டூட்டியில் ஒருவராக வார்டு முழுவதையும் பார்க்கிறோம். ஆளுக்கு 1 நிமிடம் நடக்கிற காரியமா?

பதில்: வார்டு முழுவதற்கும் யார் சொன்னது? டிகாக்சின் வாங்குகிறவருக்கு மட்டும். ஆள் பற்றாக்குறை உண்மைதான், அதை மேலிடத்தில் எழுத்தில் கேளுங்கள். அதற்காக எண்ணாமலே 72 என்று சார்ட்டில் நிரப்பும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு, கிருமிக்கொல்லியான மெட்ரோனிடசோல் தரலாமா?

பதில்: கல்லீரல் வார்ஃபரினைச் சிதைப்பதை மெட்ரோனிடசோல் தடுப்பதால் ஐஎன்ஆர் ஏறும், அதாவது ரத்தம் உறைய அதிக நேரமாகும். மருத்துவருக்கு நினைவூட்டுங்கள், ரத்தக் கசிவு உண்டா என்று ஈறு, சிறுநீர், மலத்தின் நிறத்தைப் பாருங்கள்.

கேள்வி: ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் ஓடும் லைனில், கிருமிக்கொல்லியான செஃப்ட்ரியாக்சோன் தரலாமா?

பதில்: கூடாது, அந்தக் கரைசலில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து படியும். பெரியவருக்கு, ஒன்று முடிந்து லைனை நன்றாக ஃப்ளஷ் செய்த பிறகே மற்றது. பிறந்து 28 நாளுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கால்சியம் ஏற்றினால் செஃப்ட்ரியாக்சோனே வேண்டாம்.

கேள்வி: டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில், வலிப்பு மருந்தான ஃபெனிடோயின் கலக்கலாமா?

பதில்: மறுபடியும் லைன் கேள்வி. படியும், நார்மல் சலைன் மட்டும்.

கேள்வி: பொட்டாசியம் குளோரைடை அவசரத்துக்கு ஊசியில்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். எந்த அவசரத்துக்கும் கூடாது, இதயம் நின்றுவிடும்.

கேள்வி: அம்மாவின் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேளுங்கள்.