பயோடீசல் புகையும் அப்பாவின் இருமலும்

வணக்கம். மோட்டார் ரூம் இன்ஜினைப் புங்க எண்ணெய் பயோடீசலுக்கு மாற்றிய பிறகு கரும்புகை குறைந்தும் அப்பாவுக்கு இருமல், கண் எரிச்சல் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கருப்பு குறைந்தால் நச்சு போய்விட்டது என்று அர்த்தமில்லை. கலப்பில்லாத பயோடீசலில் கரித்துகள் ஏறக்குறைய பாதியாகும், ஆனால் மூச்சுக்குழாயை உறுத்தும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு சுமார் 10% கூடும் என்றது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 2002 ஆய்வறிக்கை. கண் எரிகிறது என்பதால் எனக்கு முதல் சந்தேகம் கிளிசரின் மேல். பயோடீசல் தயாரிக்கும்போது கூடவே உண்டாவது கிளிசரின்; தண்ணீரில் சரியாகக் கழுவாவிட்டால் அது எண்ணெயிலேயே தங்கி, சூட்டில் அக்ரோலீன் என்ற எரிச்சல் வாயுவாக மாறும். வடைச்சட்டியில் எண்ணெய் கருகும்போது தொண்டையைப் பிடிக்குமே, அந்தக் காந்தல்தான்.

கண்ணாடி பாட்டிலில் பாதி பயோடீசல், பாதி தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள். அரை மணியில் தெளிவாகப் பிரியாமல் நடுவில் வெள்ளையாக நுரைத்து நின்றால் சோப்பு மிச்சமிருக்கிறது, கழுவல் போதவில்லை. அந்தப் பயோடீசலை இன்ஜினில் ஊற்றாதீர்கள். இன்ஜினுக்குள் எண்ணெயைத் தூவும் இன்ஜெக்டர் நாசிலையும் கழற்றி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்; தூவலாக வராமல் சொட்டினால் எரியாத எண்ணெய் வெள்ளைப் புகையாக வரும்.

சைலன்சர் குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோவது கட்டாயம். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும். என்95 மாஸ்க் துகளைத்தான் தடுக்கும், வாயுவை அல்ல.

அப்பாவுக்கு இழுப்புச் சத்தம் இருந்தால் நுரையீரல் மருத்துவரிடம் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனை எடுங்கள். அதுவரை அவர் அந்த அறைக்குள் போக வேண்டாம்.